பள்ளத்தை மூடப்போவது யார்? ஒரே தெருவில் பல நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்ய ஒரு வழிகாட்டி

தார் ஆறுவதற்குள் தோண்டிவிட்டார்கள் என்று திட்டாத ஊர் உலகத்தில் இல்லை. அந்தத் திட்டை வாங்கும் பக்கத்தில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு என்று எந்த நிறுவனமானாலும் சரி, இவர்களுக்கெல்லாம் அனுமதி எழுதிக் கொடுக்கும் சாலைத் துறையானாலும் சரி, சேர்ந்த ஆறு மாதத்துக்குள் உங்களை ஒரு கூட்டத்தில் உட்கார வைத்து, “எல்லோரும் சேர்ந்து ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். எப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் முதல் கூட்டு வேலை பார்வைக்கு ஒழுங்காகத்தான் நடந்தது. குடிநீர்க் குழாய் பதித்தவர்கள் பாதி உயரம் வரை மண் போட்டுவிட்டுப் போனார்கள். மின்கேபிள் ஆட்கள் வந்து இழுத்து முடித்து, இன்னும் கொஞ்சம் மண் தள்ளினார்கள். கடைசியாக வந்த ஃபைபர் கேபிள் குழு மேல்மண் போட்டு, ஜல்லி பரப்பி, தார் ஒட்டுப் போட்டுக் கிளம்பியது. இரண்டு மழைக்கு அப்புறம் அந்த ஒட்டு கிண்ணம் மாதிரி குழிந்தது. மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேட்டோம். “நாங்கள் போட்ட மண் கெட்டியாகத்தான் இருக்கிறது” என்று மூன்று பேரும் சொன்னார்கள். குழாய்க்குச் சொந்தக்காரர் இருந்தார், கேபிளுக்கு இருந்தார், இடையில் கிடந்த மண்ணுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

அதிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பள்ளத்தை மூடப்போவது யார்? யார் தோண்டுவது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: பட்டியலை மேசைமேல் வையுங்கள்

கூட்டு வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் பள்ளத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வருடாந்தரத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கி, ஒப்பந்தக்காரருக்கு ஒர்க் ஆர்டரும் கொடுத்துவிட்டு, அப்புறம் கூட்டத்துக்கு வருகிறது. அந்த நிலையில் தேதியை ஒரு வாரம் தள்ளச் சொன்னால்கூட அபராதம், விலை உயர்வு என்று பேச்சு நீளும். அதனால் பட்டியல்களைப் பகிர்வது பட்ஜெட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பே கொடுத்தால் நல்லது. ஒரு வருடம் முன்பு என்பது கடைசி எல்லை.

பட்டியல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தெருவின் பெயர், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, என்ன வேலை, சுமாரான ஆழம், எந்தக் காலாண்டு, இவ்வளவு போதும். கூடவே ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: இந்தத் தேதியை நகர்த்த முடியுமா, முடியாதா? பழைய குழாயை மாற்றும் வேலையை ஆறு மாதம் முன்னேயோ பின்னேயோ தள்ளலாம். புதிய மருத்துவமனைக்கு மின் இணைப்பு என்றால் தள்ள முடியாது. நகராத தேதிகளை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, நகரக்கூடியவற்றை அவற்றின் அருகே இழுத்து வருவதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியமான நகராத தேதி சாலை போடும் தேதி. அதுதான் கடைசிப் பேருந்து. புதுத் தளம் போட்ட சாலையை இத்தனை வருடம் தோண்டக் கூடாது என்று பல நகரங்களில் தடை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் அது ஐந்து வருடம். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் சாலைப் பணிச் சட்டம், சாலை அதிகாரிகளுக்கு ஒருங்கிணைக்கும் கடமையையும் நிறுவனங்களுக்கு ஒத்துழைக்கும் கடமையையும் தனித்தனிப் பிரிவுகளாகவே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே தேடிப் படித்துவிடுங்கள். சீனியர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பட்டியல் கொடுக்கத் தயங்கும். எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்று போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் பயம், அது நியாயமான பயமும்கூட. இதற்கு வழி, எல்லாப் பட்டியலையும் பார்க்கும் உரிமையை நடுநிலையான ஓர் அலுவலகத்துக்கு மட்டும் கொடுப்பது. இந்தத் தெருவில் இன்னொருவருக்கும் வேலை இருக்கிறது என்று மட்டும் அவர்கள் சொன்னால் போதும். யார் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு சொல்லலாம். லண்டனில் மேயர் அலுவலகத்தின் கீழ் இதற்கென்றே ஒரு ஒருங்கிணைப்புக் குழு வேலை செய்கிறது.

இரண்டாம் படி: சேர வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சேர்ந்து வேலை செய்வது என்றால் ஒரே பள்ளத்தில் எல்லாவற்றையும் போடுவது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மூன்று அளவு உண்டு. ஒரே பள்ளம் என்பது ஒன்று. பள்ளங்கள் தனித்தனி, ஆனால் சாலை மூடல் ஒரே தடவை என்பது இரண்டாவது. ஒருவர் பின் ஒருவராக, ஆனால் எல்லோரும் புதுத் தளத்துக்கு முன்னால் என்பது மூன்றாவது. மூன்று மீட்டர் ஆழத்தில் போகும் சாக்கடையையும் அரை மீட்டரில் போகும் ஃபைபரையும் ஒரே பள்ளத்தில் திணிப்பதில் ஒரு லாபமும் இல்லை. அங்கே இரண்டாவது வழிதான் சரி. என் அனுபவத்தில் அதிகம் மிச்சமாவதும் அந்த இரண்டாவது வழியில்தான்.

ஆழம் நெருங்கியிருந்தால் ஒரே பள்ளம் பற்றி யோசிக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கு 0.7 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். மின்கேபிளுக்கு 0.5 அகலம், 0.9 ஆழம். ஃபைபருக்கு 0.4 அகலம், 0.6 ஆழம். தனித்தனியாகத் தோண்டினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.84, 0.45, 0.24 கன மீட்டர், ஆக மொத்தம் 1.53 கன மீட்டர் மண். சேர்ந்து தோண்டும்போது பள்ளத்தைப் படிக்கட்டு மாதிரி வெட்டலாம்: ஆழமான பக்கத்தில் குடிநீர், படியின் மேல் மின்கேபிள், அதே படியின் மேல்மட்டத்தில் ஓரமாக ஃபைபர். மண் 1.29 கன மீட்டர். மிச்சம் 16 சதவீதம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றும்.

இப்போது மேல்தளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பில் தார் தளர்ந்திருக்கும் என்பதால் இருபுறமும் 15 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டித்தான் ஒட்டுப் போட வேண்டும். தனித்தனி என்றால் 1.0, 0.8, 0.7 மீட்டர், மொத்தம் 2.5 மீட்டர் அகலத்துக்குத் தளம் போட வேண்டும். சேர்ந்தால் 1.5 மீட்டர் போதும். 40 சதவீதம் மிச்சம். அதோடு மூன்று முறை போக்குவரத்தைத் திருப்புவதற்குப் பதில் ஒரு முறை. ஆக, லாபம் மண்ணில் இல்லை, மேல்தளத்திலும் போக்குவரத்திலும்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் செலவைப் பங்கு போடும் சண்டையிலும் பாதி குறையும். அதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன்.

சாலையை அடைத்து வைக்கும் நாளுக்கு வாடகை வாங்கும் ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் வலுவாகும். லண்டனில் 2012இல் தொடங்கிய தடவாடகைத் திட்டத்தில், நெரிசல் மிகுந்த சாலைகளில் நெரிசல் நேரத்தில் வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை கட்ட வேண்டும் என்று வைத்தார்கள்.

“இதற்கெல்லாம் பதிலாக ஒரு சுரங்கம் கட்டி எல்லாவற்றையும் அதில் விட்டால் என்ன?” என்று புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் கேட்பார். நானும் கேட்டேன். செய்திருக்கிறார்கள். லண்டனில் காரிக் தெருவுக்கு அடியில் 1861இலேயே அப்படி ஒரு சுரங்கம் வந்துவிட்டது. ஜப்பான் 1963இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. சிங்கப்பூரின் மரினா பே பகுதியில் பொதுச் சுரங்கம் இருக்கிறது. புதிதாக எழும் பகுதிக்கு அது பிரமாதம். ஏற்கெனவே நூறு வருடக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் தெருவில் அதைக் கட்ட வேண்டும் என்றால், முதலில் அத்தனையையும் இடம் மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு உங்களிடம் பணமும் இருக்காது, பத்து வருடமும் இருக்காது. மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: கீழே என்ன கிடக்கிறது?

பிரிட்டன் அரசு சொல்லும் கணக்குப்படி அங்கே வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் குழிகள் தோண்டுகிறார்கள். தவறுதலாகக் குழாயையோ கேபிளையோ வெட்டுவது வருடத்துக்கு 60,000 முறை. அதனால் வரும் இழப்பு சுமார் 240 கோடி பவுண்டு. அதனால்தான் நிலத்தடிச் சொத்துகளுக்கு ஒரே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நெதர்லாந்தில் எந்திரம் வைத்துத் தோண்டுபவர் நிலப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி வந்தது. உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அதில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் சேராத சிறு நிறுவனங்களைத் தனியாகத் தேடிப் போய்க் கேளுங்கள்.

வரைபடங்கள் வரும். வந்ததும் நம்பிவிடாதீர்கள். ஒரு முறை நான்கு நிறுவனங்களின் வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். மின்கேபிள் நடைபாதை ஓரக்கல்லிலிருந்து 1.5 மீட்டர் என்று ஒன்றில். குடிநீர்க் குழாய் வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் என்று இன்னொன்றில். எரிவாயு சாலையின் நடுக்கோட்டிலிருந்து அளந்தது. நான்காவதில் அளவே இல்லை, ஒரு கோடு மட்டும். மூன்று அளவும் எழுதிய நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இடையில் சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஓரக்கல் நகர்ந்துவிட்டது, நடுக்கோடும் நகர்ந்துவிட்டது. சோதனைக் குழி எடுத்துப் பார்த்தால் மின்கேபிள் காகிதத்தில் இருந்த இடத்துக்கு முக்கால் மீட்டர் தள்ளி, நாங்கள் பள்ளம் போடத் திட்டமிட்ட கோட்டுக்கு நேர் கீழே கிடந்தது. வரைபடம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எதிலிருந்து அளந்தார்கள், எந்த வருடம் அளந்தார்கள் என்பதுதான்.

நிலத்தடித் தகவலின் நம்பகத்தன்மையை நான்கு தரமாகப் பிரிப்பது வழக்கம். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் 38ஆம் எண் தரநூலும் பிரிட்டனின் பாஸ் 128உம் ஏறக்குறைய ஒரே எழுத்துகளைத்தான் வைத்திருக்கின்றன. டி என்றால் பழைய ஆவணம் மட்டும். சி என்றால் மேலே தெரியும் மேன்ஹோல் மூடி, வால்வுப் பெட்டி ஆகியவற்றோடு ஒப்பிட்டது. பி என்றால் கருவி வைத்துத் தேடியது. ஏ என்றால் தோண்டிக் கண்ணால் பார்த்தது. தெரு முழுக்க ஏ தரம் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். உங்கள் பள்ளம் மற்ற குழாய்களைக் குறுக்கே வெட்டும் இடங்களில் மட்டும் ஏ தரம் கேளுங்கள்.

கருவிகளுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. கேபிள் லொக்கேட்டருக்கு உலோகம் வேண்டும். பிளாஸ்டிக் குழாயோடு கண்டறியும் கம்பி போடாமல் விட்டிருந்தால் அது மௌனமாக இருக்கும். மின்னோட்டம் இல்லாத கேபிளும், ஓடும் மின்சாரத்தை மட்டும் தேடும் அதன் பயன்முறையில் சிக்காது. தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் பிடிக்கும், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும். கருவி சத்தம் போடவில்லை என்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கண்டுபிடித்ததைச் சாலையில் பெயின்ட்டால் குறியுங்கள். அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கத்தின் நிறங்கள் பல இடங்களில் பழக்கத்தில் உள்ளன: மின்சாரம் சிவப்பு, எரிவாயு மஞ்சள், தொலைத்தொடர்பு ஆரஞ்சு, குடிநீர் நீலம், சாக்கடை பச்சை, தோண்டப்போகும் இடம் வெள்ளை. உங்கள் ஊர் நிறங்கள் வேறாக இருக்கலாம். கூட்டு வேலையில் நான்கு ஒப்பந்தக்காரர்கள் நான்கு ஊர்ப் பழக்கத்தோடு வருவார்கள் என்பதால் முதல் நாளே ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம்

ஒவ்வொருவரும் தன் படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால் அது கூட்டு வேலை ஆகாது. பள்ளத்தைக் குறுக்கே நேராக வெட்டிப் பார்ப்பது போல ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம், அதில் எல்லோரின் ஆழமும் இடைவெளியும், கீழே எல்லோரின் கையெழுத்தும் வேண்டும்.

எது கீழே, எது மேலே என்பதற்குக் காரணங்கள் உண்டு. சாக்கடை சரிவில்தான் ஓடும். அதன் ஆழத்தைப் பேரம் பேச முடியாது, மற்றவர்கள்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். குடிநீர் அதற்கு மேலேயும் தள்ளியும் போக வேண்டும். குழாயில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளியே இருப்பது உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் தரம், பக்கவாட்டில் சுமார் 3 மீட்டரும் குறுக்கே கடக்கும் இடத்தில் சுமார் 45 சென்டிமீட்டரும் கேட்கிறது. மின்கேபிள் சூடாகும், இரண்டை ஒட்டிப் போட்டால் இரண்டும் சுமக்கக்கூடிய மின்சாரம் குறையும். எரிவாயு கசிந்தால் டக்ட் (கேபிளை இழுப்பதற்காகப் பதிக்கும் வெற்றுக் குழாய்) வழியாகவும் சாக்கடை வழியாகவும் ஊர்ந்து போய் எங்கோ ஒரு வீட்டுக்குள் தலை நீட்டும். ஃபைபர் லேசானது, மேலே போகலாம். ஆனால் மற்ற கேபிளுக்கு நேர் மேலே போடாமல் ஓரமாகத் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் கீழே பழுது பார்க்க வருபவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

இடைவெளி விஷயத்தில் “கொஞ்சம்தானே” என்று யாராவது சொன்னால் இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லுங்கள். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் சாக்கடையோடு சேர்ந்து தெருக்களே வெடித்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்ரோல் குழாயை ஒட்டித் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள், இரண்டு உலோகங்களுக்கு இடையே ஏற்பட்ட மின்வேதி அரிப்பில் பெட்ரோல் குழாய் துளைபட்டு, பெட்ரோல் சாக்கடைக்குள் இறங்கியது. இரண்டாவது, தைவானின் கவ்சியுங். 2014 ஜூலை 31 நள்ளிரவை ஒட்டி நடந்த வெடிப்பில் 32 பேர் இறந்தார்கள். புரோப்பீன் வாயுக் குழாய் ஒன்று மழைநீர் வடிகால் பெட்டியின் உள்ளே புகுந்து போயிருந்தது. ஈரத்திலேயே கிடந்து அரித்துப் போயிற்று. ஒருவர் குழாயைச் சுற்றி இன்னொருவர் வடிகால் கட்டிக்கொண்டு போனதன் விலை அது.

ஐந்தாம் படி: ஒரு பக்க ஒப்பந்தம்

வக்கீல்கள் எழுதும் முப்பது பக்க ஒப்பந்தம் தனியே இருக்கட்டும். தளத்தில் இருப்பவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும். அதில் இவை இருக்க வேண்டும்.

தலைமை நிறுவனம் எது? பெரும்பாலும் அதிக ஆழத்துக்குப் போகிறவரே தலைமை ஏற்பது நல்லது. அனுமதியும் அவர் பெயரில், தடுப்புகளும் அவர் பெயரில்.

மூடப்போவது யார்? ஒரே ஒரு பெயர். ‘அவரவர் பகுதியை அவரவர்’ என்று எழுதினால் என் கிண்ணக் கதைதான் மறுபடி நடக்கும். மண் நிரப்புவது, இறுக்குவது, தளம் போடுவது, உத்தரவாதக் காலம் முழுக்கப் பொறுப்பேற்பது, நான்கும் அந்த ஒரே பெயரில். உத்தரவாதக் காலம் ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்து விதிகள் நெடுங்காலமாக 2 வருடம், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு 3 வருடம் என்று வைத்திருந்தன. இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்பவருக்கு மற்றவர்கள் அதற்கான பணத்தைக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். பணம் இல்லாமல் பொறுப்பை மட்டும் தள்ளினால் மூடும் வேலையில்தான் அது தெரியும்.

செலவு. இதை இரண்டு உண்டியலாகப் பிரியுங்கள். மண் வேலை ஒரு உண்டியல். அதைத் தனியாகத் தோண்டியிருந்தால் எவ்வளவு மண் என்ற விகிதத்தில் பிரிக்கலாம். மேலே சொன்ன கணக்கில் குடிநீர் 55, மின்சாரம் 29, ஃபைபர் 16 சதவீதம். மேல்தளமும் போக்குவரத்தும் இன்னொரு உண்டியல். தனியாக வெட்டியிருந்தால் எவ்வளவு அகலம் என்ற விகிதத்தில் 40, 32, 28. எல்லாவற்றையும் மூன்றால் வகுத்தால் ஃபைபர்காரர் எழுந்து போய்விடுவார். எல்லாவற்றையும் மண் கணக்கில் பிரித்தால் குடிநீர்க்காரர் போய்விடுவார். இப்படிப் பிரித்தால் எல்லோருமே தனியாகச் செய்வதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள், யாரும் இலவசமாகவும் வரவில்லை.

காத்திருக்கும் நாள். ஒருவருடைய கேபிள் உருளை வந்து சேரவில்லை என்றால் திறந்த பள்ளத்தோடு எத்தனை நாள் காத்திருப்பது? இரண்டு நாள் என்று வைத்தால் மூன்றாம் நாள் காலை அவருக்காக ஒரு காலி டக்ட் மட்டும் போட்டு மூடிவிட வேண்டும். டக்ட்டின் செலவு அவருடையது. இதை முன்பே எழுதியிருந்தால் அன்றைக்குச் சண்டை வராது. உண்மையில் இந்த வரி இருந்தாலே உருளைகள் சரியான நேரத்துக்கு வந்துவிடும்!

சேதம். யார் வெட்டினாலும் உடனே சொல்ல வேண்டும், சொன்னவருக்கு அன்றைக்குத் திட்டு இல்லை. இது ஏன் என்று ஏழாம் படியில்.

ஆறாம் படி: தெருக்காரர்களுக்குச் சொல்லுங்கள்

ஒரே அறிவிப்பு, ஒரே தொலைபேசி எண். நான்கு நிறுவனத்தின் சின்னமும் ஒரே தாளில். எந்தெந்த நாளில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் நிற்கும் என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழி எது என்பதை அந்தந்தத் துறையோடு நேரில் பேசி முடியுங்கள்.

ஏழாம் படி: தோண்டும் நாட்கள்

காலையில் எந்திரம் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் எல்லா மேற்பார்வையாளர்களும் பள்ளத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். இன்று யார் உள்ளே, எந்தக் கேபிளில் மின்சாரம் ஓடுகிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. அந்த அதிகாரம் தலைமை நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கு. ஆபத்து என்று கண்டால் மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெயின்ட் கோட்டின் இருபுறமும் அரை மீட்டருக்குள் எந்திரப் பல் போகக் கூடாது, அங்கே கையால் தோண்ட வேண்டும். கடப்பாரையை ஓங்கிக் குத்துவதும் எந்திரம் மாதிரிதான். மண்வெட்டியால் சீவி எடுக்கச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் இந்த இரண்டு அளவுகளையும்தான் சொல்கின்றன. இறுகிய மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அது மார்பு வரை சரிந்தாலே மூச்சு நின்றுவிடும். கூட்டுப் பள்ளம் அதிக நாள் திறந்து கிடக்கும், அதில் பலர் மாறி மாறி இறங்குவார்கள் என்பதால் முட்டுகளை ஒருவர் தினமும் பார்க்க வேண்டும்.

அப்புறம் சேதம். 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிலெங்கியனில் உயர் அழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு நடந்த கட்டுமான வேலையின்போதே எந்திரம் அந்தக் குழாயைக் கீறியிருந்தது. அன்றைக்கு வெடிக்கவில்லை. பின்னால் அழுத்தத்தைக் கூட்டியபோது வெடித்தது. குழாயின் பூச்சு உரிந்திருந்தாலோ ஒரு பல் தடம் பதிந்திருந்தாலோ வேலையை நிறுத்தி, குழாய்க்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் மண் போட வேண்டும். திட்டுக்குப் பயந்து ஒரு தொழிலாளி கீறலை மண் போட்டு மறைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த வரி.

பள்ளம் போடாமல் துளை போட்டுச் செல்லும் எந்திரம் வைத்திருப்பவர் உங்கள் குழுவில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: வேலை முடிந்ததும் அந்தத் தெருவின் சாக்கடைக் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். துளைக் கருவி சாக்கடைக் குழாயைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போய், அந்தத் துளை வழியாகவே எரிவாயுக் குழாயை இழுத்திருந்தாலும் மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து அடைப்பு எடுக்க வருபவரின் கத்தி அந்த எரிவாயுக் குழாயில்தான் போய் நிற்கும்.

எட்டாம் படி: மூடுவது

குழாயைச் சுற்றி மணலோ கல் இல்லாத மெல்லிய மண்ணோ மட்டும். அதற்கு மேல் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். ஓர் அடுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். அரை மீட்டர் மண்ணைக் கொட்டிவிட்டு மேலே எந்திரத்தை ஓட்டினால் மேல் பதினைந்து சென்டிமீட்டர்தான் கெட்டியாகும், கீழே பொதபொதவென்று அப்படியே இருக்கும். என் கிண்ணத்தின் அடியில் இருந்தது அதுதான். மண்ணில் ஈரமும் அளவாக இருக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது மாற்று இல்லை, ஆனால் வண்டி மண்ணைத் திருப்பி அனுப்பலாமா என்று அந்த நிமிடமே சொல்லிவிடும்.

கூட்டுப் பள்ளத்தில் மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு: குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் நடுவே எந்திரம் நுழையாத சந்துகள். அங்கே கைக் கட்டையால் இறுக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த வலுவுள்ள, தானாகப் பாய்ந்து நிரம்பும் சிமென்ட் கலவையை ஊற்றலாம். அதை வலுவாகக் கலந்துவிட்டால் பின்னாளில் பழுது பார்க்க வருபவர் கல்லை உடைக்க வேண்டியிருக்கும் என்பதால், மண்வெட்டியால் வெட்டும் அளவுக்கே வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு நிறுவனத்தின் வேலைக்கு மேலும் அவரவர் எச்சரிக்கை நாடா, சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில். ஒவ்வொரு மட்டத்திலும் மூடும் பொறுப்பாளர் இறுக்கச் சோதனை எடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த குழு இறங்கலாம். “ஆட்கள் காத்திருக்கிறார்கள், விடுங்கள்” என்பார்கள். விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: மூடும் முன் அளந்துவிடுங்கள்

பதித்த படியே வரைபடம் எடுக்க ஒரே நேரம்தான் உண்டு, பள்ளம் திறந்திருக்கும் நேரம். குழாயின் உச்சி, வளைவு, இணைப்பு, வால்வு ஒவ்வொன்றுக்கும் ஆயத்தொலைவும் மட்டமும் எடுங்கள். ஓரக்கல்லிலிருந்து அளந்து எழுதாதீர்கள். ஏன் என்று மூன்றாம் படியில் பார்த்தீர்கள். அளவுகோலைப் பள்ளத்தில் வைத்துப் படமும் எடுங்கள். படத்தில் பக்கத்து வீட்டு வாசலோ மின்கம்பமோ தெரிய வேண்டும். வெறும் மண்ணும் குழாயும் மட்டும் தெரியும் படம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும். எல்லோரின் அளவும் ஒரே கோப்பாகப் போய்ச் சேரும் வரை மூடியவருக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் நாட்குறிப்பில் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள். முதல் பெருமழைக்கு அடுத்த நாள், ஆறாவது மாதம், உத்தரவாதம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு. மூன்று முறையும் நேரில் போய், நேரான நீளமான ஒரு சட்டத்தை ஒட்டின் குறுக்கே வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். மூடும் பொறுப்பாளரையும் கூடவே அழைத்துப் போங்கள். பெயர் ஒன்றுதான் என்பதால் யாரை அழைப்பது என்று இந்த முறை யோசிக்க வேண்டியிருக்காது.